மூட்டைக்கு யார் காவல்?



குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவதென்றால் ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் பேச்சு நடக்கும். எந்த ஊர், வேனா ரயிலா, எத்தனை நாள், எங்கே சாப்பாடு என்று எல்லாம் பேசுவார்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். போன இடத்தில் மூட்டை முடிச்சுக்கு யார் காவல் இருப்பது? கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. பதில்தான் எல்லோருக்கும் தெரியுமே! வீட்டில் எவளாவது ஒருத்தி இருப்பாள்.

அந்த ஒருத்தி நான்தான். என் கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இது நடந்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

எனக்கு ஊர் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூர். "உங்களுக்கென்னம்மா, ஊரே ஊட்டி மாதிரி குளுகுளுன்னு இருக்கு, நீங்க எதுக்கு டூர் போகணும்?" என்று கேட்காதவர்கள் கிடையாது. ஏப்ரல், மே வந்தால் சொந்தக்காரர்கள் வீடு நிறைய வந்து இறங்குவார்கள். ஏரி, பிரையன்ட் பூங்கா, தூண் பாறை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று அவர்கள் சுற்றுவார்கள். நான் வெந்நீர் போட்டு, சப்பாத்தி தேய்த்து, ஈரத் துணி காயாத குளிரில் அவர்கள் துணியையும் சேர்த்து உலர்த்திக்கொண்டிருப்பேன். எங்கள் ஊரில் 1895-ல் ஆரம்பித்த அருங்காட்சியகம் இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நான் அதற்குள் காலெடுத்து வைக்க, கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆனது!

2011 ஜனவரி. பொங்கல் விடுமுறைக்கு வேன் வைத்துக்கொண்டு பதினான்கு பேர் கொல்லூர் மூகாம்பிகை, உடுப்பி கிருஷ்ணர் கோயில் என்று கிளம்பினோம். மாமியார் மட்டும் வரவில்லை. மாடு இருக்கிறதே, வீடு இருக்கிறதே! "நீங்க போயிட்டு வாங்கத்தா" என்று சொல்லிவிட்டார். தேதி குறித்தபோது பெண்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலுக்குப் போகிற நாளில் தள்ளி உட்கார வேண்டி வருமே என்று நாத்தனார் யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் தலைவலி, வாந்தி.

உடுப்பியில் சாமி கும்பிட்ட பிறகு, ஆறு கிலோமீட்டரில் மால்பே கடற்கரை, அங்கிருந்து படகில் போனால் செயின்ட் மேரீஸ் தீவு என்றார்கள். நான் அதுவரை கடலைக் கிட்டத்தில் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் திருச்செந்தூரில், கூட்டத்துக்கு நடுவில். தீவு என்றதும் எனக்கு அப்படி ஒரு ஆசை. ஆனால் படகுத்துறையில் நின்றபோது பன்னிரண்டு பை, இரண்டு தூக்குவாளி, ஒரு சாக்கு நிறைய செருப்பு. போதாததற்கு நாத்தனாரின் இரண்டு வயதுப் பையன் தூக்கத்தில் இருந்தான்.

யாரும் என்னை "நீ இரு" என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நானேதான் சொன்னேன், "நீங்கள்லாம் போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று. இரண்டாவது தடவை யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். போகும்போது எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் படகில் ஏறினார்.

மூன்று மணி நேரம் கழித்து வந்தார்கள். அப்போது மகளுக்கு எட்டு வயது. பாவாடையெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, உனக்காக" என்று உள்ளங்கையளவு ஒரு கறுப்புக் கல்லைக் கொடுத்தாள். வழவழவென்று இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டு வந்து சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினான்கு வருஷம் அங்கேயே இருந்தது. தூசி தட்டும்போதெல்லாம் கையில் எடுப்பேன். பிள்ளையின் அன்புதான் ஞாபகம் வரும். கூடவே இன்னொன்றும் வரும்: நான் பார்க்காத இடத்தின் கல் இது.

ஒரு மூன்று மணி நேரத்துக்கா இவ்வளவு புலம்பல் என்று நினைக்கிறீர்களா? மூன்று மணி நேரம் இல்லை சகோதரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ராட்டினம் ஏறும்போது கைப்பைகளோடு கீழே நிற்பது யார்? அருவியில் எல்லோரும் குளிக்கும்போது துண்டும் சட்டையும் சுமந்து நிற்பது யார்? எங்கள் ஊர் வெள்ளி நீர்வீழ்ச்சியில் தினமும் பார்க்கிறேன். ஒவ்வொரு வேனுக்கும் ஒரு பெண், மடி நிறையப் பையோடு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். எங்கிருந்தோ இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வந்து, அருவிக்கு முதுகு காட்டிக்கொண்டு!

இனி இரண்டாவது பயணத்துக்கு வருகிறேன். 2023 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசின் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பித்ததே, மாதம் ஆயிரம் ரூபாய், அது என் பெயருக்கு வந்தது. முதல் மூன்று மாதம் கேஸுக்கும் மருந்துக்கும் போனது. நாலாவது மாதத்திலிருந்து பாதியை எடுத்துத் தனியாக வைத்தேன். ஓரகத்திக்கு அந்தத் தொகை வரவில்லை. அவள் வீட்டில் செய்யும் சாக்லேட்டுக்குத் தாள் சுற்றிக் கொடுத்த கூலியில் சேர்த்தாள். நாத்தனார் சீட்டுப் பணம் எடுத்தாள். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது, அவருக்கான செலவை நாங்கள் நாலு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். ஆக ஐந்து பெண்கள்.

"பொம்பளைங்க மட்டுமா? மொழி தெரியாத ஊருக்கா?" என்றார் வீட்டுக்காரர். "வேன்ல பதினாலு பேர் போனப்ப எத்தனை பேருக்குக் கன்னடம் தெரிஞ்சுது?" என்று மகள் கேட்டாள். மனிதர் சிரித்துவிட்டார். நாலு நாள் மாடும் வீடும் அவர் பொறுப்பு என்று முடிவானது.

இந்தத் தடவை திட்டத்தை நாங்களே போட்டோம். தேதியிலிருந்து ஆரம்பித்தோம். ஐந்து பேரையும் கேட்டு, யாருக்கும் மாத்திரை தேவைப்படாத நாளாகப் பார்த்தோம். 2025 ஜனவரி கடைசி வாரம் என்று அமைந்தது. அந்தத் தீவுக்கு மழைக்காலத்தில் படகு விட மாட்டார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் அப்படிக் கொந்தளிக்கும். டிசம்பர், ஜனவரிதான் வெயிலும் தாங்கும், கடலும் சாதுவாக இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைதான் வசதி என்றால், மே பாதிக்குள் போய்விடுங்கள். எதற்கும் கிளம்புவதற்கு முன் உடுப்பியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது சாப்பாடு. முன்னே வேனில் போனபோது முதல் நாள் ராத்திரி இரண்டு மணி வரை முழித்து, பதினான்கு பேருக்குப் புளியோதரையும் இட்லியும் கட்டினேன். யாருக்கு? உடுப்பிக்குப் போகிறவர்களுக்கு! உலகமே உடுப்பி ஓட்டல் என்று தேடிப் போகிறது. நான் அந்த ஊருக்கே கட்டுச்சோறு கொண்டு போனேன். இந்தத் தடவை ரயிலுக்கு மட்டும் தயிர் சாதமும் ஊறுகாயும். மற்றதெல்லாம் கிருஷ்ணர் கோயில் அன்னதானமும், ஓட்டல் இட்லி சாம்பாரும்தான். சாம்பார் கொஞ்சம் இனிக்கும். பழகிவிட்டது.

போகிற வழியும் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து பழனி, அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ். கோயம்புத்தூரில் இரவு ரயில் ஏறினால் காலையில் மங்களூர். அங்கிருந்து உடுப்பிக்கு அறுபது கிலோமீட்டருக்குள்தான். கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவச பஸ் என்று கேள்விப்பட்டு, சும்மா போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 2023-ல் தொடங்கிய அந்தத் திட்டம் அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும்தான். நாம் டிக்கெட் எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து என் பங்குக்கு 4,300 ரூபாய் ஆனது.

மூட்டைக்கு என்ன செய்தோம்? ஆளுக்கு ஒரே பை, அவரவர் தூக்குகிற கனத்தில். உடுப்பியில் லாட்ஜ் எடுத்து அத்தனையையும் அறையில் வைத்துப் பூட்டினோம். தீவுக்குக் கையில் எடுத்துப் போனது ஒரு துணிப்பை. அதில் தண்ணீர், தொப்பி, துண்டு, சர்க்கரை மாத்திரை. ஒரு நாள் அறை வாடகையை ஐந்தாகப் பிரித்தால் அது ஒரு பெரிய தொகையா? அந்த வாடகையை மிச்சம் பிடிக்கத்தான் ஒருத்தியைக் கரையில் உட்கார வைக்கிறோம். இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறைக்கும்.

எல்லாம் யோசித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமைதான். ஆனால் மால்பே கரையில் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். படகு ஆடுவதைப் பார்த்தேன். மாமியாரின் முழங்கால் ஞாபகம் வந்தது. "அத்தை, நீங்க இந்த நிழல்ல உக்காந்துக்கங்க. செருப்பையும் பையையும் பாத்துக்கங்க. நாங்க சீக்கிரம் வந்துர்றோம்" என்றேன்.

அவரும் உடனே, "சரித்தா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை!

மகள்தான் என் முகத்தைப் பார்த்து, "அம்மா, இப்ப நீ என்ன சொன்ன?" என்றாள். எனக்குச் சுரீரென்றது. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தவருக்கும் நல்ல எண்ணம்தானே இருந்தது? முழங்கால் வலி யாருக்கு? அவருக்கு. முடியுமா, முடியாதா என்று சொல்ல வேண்டியதும் அவர்தானே? நான் கேட்கவே இல்லையே!

"அத்தை, உங்களுக்கு வரணும்னு இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கடலையே பார்த்தார். "பயமாத்தான் இருக்கு. ஆனா பாக்கணும்" என்றார். படகுக்காரரிடம் கையைக் காட்டி ஜாடையில் சொன்னோம். அவர் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். ஏற்றியாகிவிட்டது. உயிர்காப்புச் சட்டையை மாட்டியதும், "மழைக்கோட்டு மாதிரி இருக்கு" என்று அத்தை சிரித்தார். அரை மணி நேரத்துக்குள் தீவு.

அந்தத் தீவில் மணல் பெயருக்குத்தான். கரையெல்லாம் உடைந்த சிப்பியும், அலை உருட்டிய கல்லும். நடந்தால் கலகலவென்று சத்தம் போடும். அதற்குப் பின்னால் நிற்கிறது பாருங்கள் பாறை! ஐந்து பட்டை, ஆறு பட்டையாகச் சீவி வைத்த மாதிரி தூண் தூணாக நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒன்று உயரம், ஒன்று குட்டை. அத்தை பார்த்துவிட்டு, "நம்மூரு தூண் பாறை இங்க வந்து பிள்ளைகுட்டி பெத்துப் போட்டிருக்கே!" என்றார்.

இது எப்படி உண்டானது என்று மகள் சொன்னாள். சுமார் 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்த காலத்தில் வெளியே வந்த எரிமலைக் குழம்பாம் இது. ஆறும்போது சுருங்கி வெடித்திருக்கிறது. குளம் வற்றினால் சேறு பாளம் பாளமாக வெடிக்குமே, அது போல. வெடிப்பு கீழே வரைக்கும் இறங்கித் தூணாகிவிட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. 1498-ல் வாஸ்கோ ட காமா இங்கே இறங்கிச் சிலுவை நட்டு மேரி மாதாவின் பெயர் வைத்தார் என்றும் சொல்வார்கள். அத்தைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓரத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்றார். மூட்டைக்கும் வீட்டுக்கும் அறுபத்தெட்டு வருஷம் காவல் இருந்த மனுஷி!

போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பாறை வழுக்கும், சுற்றிக் கடல் ஆழம். குளிக்கலாம், ஓரத்தில் ஏறிப் போட்டோ எடுக்கலாம் என்று யாரையும் விடாதீர்கள். காவலுக்கு நிற்பவர்கள் விசில் அடித்தால் கேளுங்கள். இன்னொன்று, வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறோமே, அந்தப் பழக்கத்தை விடுங்கள். வெயிலில் மயக்கம் போட்டுவிடும். லாட்ஜிலோ கரையிலோ போய்விட்டுப் படகேறுங்கள். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருங்கள்.

கல் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பழைய கல்லை நான் பையில் எடுத்துப் போயிருந்தேன். அத்தை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அதை மற்ற கற்களோடு போட்டுவிட்டேன். "நான் குடுத்ததைப் போட்டுட்டியேம்மா" என்று மகளுக்கு வருத்தம். "இனி எனக்கு எதுக்கு? நானே வந்துட்டேனே" என்றேன்.

ஒரு கல்தானே, எடுத்தால் என்ன என்று தோன்றும். எங்கள் ஊரில் ஒரு பூதானே, ஒரு செடிதானே என்று பிடுங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தவள் நான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி வெட்டி எடுத்ததில் அரண் போய், விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன. கல் அங்கேயே இருக்கட்டும். வராதவர்களுக்குக் கல் கொண்டு போவதை விட, அவர்களையே கூட்டிப் போவதுதான் மரியாதை.

ஆண்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாமேதான் "நான் இருக்கேன்" என்று முந்திக்கொண்டு சொல்கிறோம். சொல்லிவிட்டு, யாராவது "நீயும் வா" என்று மறுபடி கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கிறோம். கூப்பிடாவிட்டால் மனசுக்குள் புழுங்குகிறோம். பிறகு நமக்குப் பின்னால் வருகிறவளை, நமக்கு முன்னால் இருக்கிற வயதானவரை, நாமே உட்கார வைக்கிறோம். என்னையே பாருங்கள், பதினான்கு வருஷ ஆதங்கம் இருந்தும் அதைத்தானே செய்தேன்!

லாட்ஜ் எடுக்க வசதியில்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரண்டு பிரிவாகப் பிரிந்து போங்கள். முதல் படகில் பாதிப் பேர், அடுத்த படகில் மீதிப் பேர். காவல் முறை வைத்து மாறட்டும், அதில் ஆண்களுக்கும் ஒரு முறை இருக்கட்டும். கைக்குழந்தையை அப்பா ஒரு மணி நேரம் வைத்திருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. நிஜமாகவே முடியாதவர்கள், பிரியமில்லாதவர்கள் உட்காரட்டும், தப்பில்லை. ஆனால் அவர்களைக் கேட்டுவிட்டு உட்கார வையுங்கள்.

அடுத்த பயணத்துக்குப் பேச்சு எடுக்கும்போது ஊரையும் வண்டியையும் பிறகு பேசுங்கள். "மூட்டைக்கு யார் காவல்?" என்று முதலில் கேளுங்கள். கேட்டதும் எல்லோர் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். திரும்பட்டும். அப்போது மட்டும் தயவுசெய்து "நான் இருக்கேன்" என்று சொல்லிவிடாதீர்கள்!

— ஒரு வாசகி, செண்பகனூர்.